மீன் என்னும் அளவுகோல்: கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும் ஆற்றுப் பாதுகாப்பின் போதாமையும்

1. கேள்வி

ஓர் ஆறு கெட்டுவிட்டது என்பதை நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம்? இந்தியாவில் இதற்கு நடைமுறையில் இருக்கும் விடை ஓர் எண். ஆற்றுநீரில் உள்ள அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்று பார்க்கிறார்கள். ‘பிஓடி’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால், அந்தப் பகுதி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் ஏறுகிறது. 2018இல் வெளியான பட்டியலில் நாடு முழுவதும் 351 பகுதிகள் இருந்தன. 2022இல் அது 311 ஆகக் குறைந்தது. 2018 பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிட்ட நதி ஆகியவை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை அதில் இல்லை. ஆனால் பட்டியல் வெளியாவதற்கு முன்பே, அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் கொட்டுகிறது என்று அந்தக் கழிமுகத்தின் மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்துவிட்டார்கள்.

பட்டியலுக்கும் மீனவர்களின் முறையீட்டுக்கும் இடையிலான இந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருள். பட்டியல் பொய் சொல்கிறது என்பது என் வாதமன்று. நகரச் சாக்கடையும் ஆலைகளின் அழுகும் கழிவும் எங்கே சேர்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க அது நல்ல கருவி. ஆனால் ஓர் ஆற்றிலிருந்து மீன் அற்றுப்போவதற்கான காரணங்களில் ஒரு பங்கைத்தான் அதனால் காட்ட முடியும். மீன்வளத்தையே முதன்மை அளவாகக் கொள்ளாத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் கொசஸ்தலை போன்ற ஆறுகளைக் காக்காது என்பதே இங்கு முன்வைக்கப்படும் முடிவு.

2. ஆறும் கழிமுகமும்

கொற்றலை என்றும் அழைக்கப்படும் கொசஸ்தலை ஏறத்தாழ 136 கி.மீ. நீளமுள்ள ஆறு. ஆந்திரத்திலிருந்து வரும் நகரி ஆறும் அதில் சேர்கிறது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது முதல் அதன் நீரில் பெரும்பகுதி சென்னையின் குடிநீருக்காகத் திருப்பப்படுகிறது. எனவே வெள்ளக்காலம் தவிர்த்த மாதங்களில் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு மேலிருந்து வரும் நன்னீர் சொற்பம். கடலின் ஏற்றவற்றமே அங்கே ஆற்றை உயிரோடு வைத்திருக்கிறது. எண்ணூரில் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையும் கூடும் கழிவெளி வடக்கே பழவேற்காடு ஏரி வரை நீரால் தொடர்புடையது. அலையாத்திச் செடிகள், சேற்றுத் திட்டுகள், உப்பளங்கள், ஆழமற்ற ஓடைகள் எல்லாம் சேர்ந்த ஒரே அமைப்பு அது.

இந்த அமைப்பின் அருமை அங்கு வளரும் உயிர்களின் வாழ்க்கைச் சுழற்சியில் இருக்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும், ஒரு செ.மீ. அளவேயுள்ள அதன் குஞ்சுகள் ஏற்ற நீரோடு முகத்துவாரத்துக்குள் வந்து, ஆழமற்ற சேற்றில் சில மாதங்கள் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும் வளரும் பருவத்தில் உள்நீரைத் தேடி வருகின்றன. களிநண்டு உள்ளே வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் தாய் நண்டு கடலை நோக்கிப் போகும். ஆகவே முகத்துவாரத்தில் நடப்பது ஆற்று மீனவரின் பிழைப்பை மட்டுமல்லாமல் கடலில் வலை போடுபவரின் பாட்டையும் தொடுகிறது. கடலில் பிடிபடும் வெள்ளை இறால், தன் இளம்பருவத்தை ஏதாவதொரு கழிவெளியின் சேற்றில் கழித்த இறால்.

அந்தச் சேற்றோடு இப்பகுதி மக்களின் தொழில் எவ்வளவு நெருக்கமானது என்பதற்குக் கையால் இறால் தடவும் முறை ஒன்றே போதும். இருளர் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு, சில நேரம் கழுத்தளவு நீரில் அமர்ந்தபடி நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவி, விரலுக்குத் தட்டுப்படும் இறாலை அமுக்கிப் பிடித்து, கயிற்றைப் பல்லில் கவ்வித் தொங்கவிட்ட ஓலைப்பறியில் போடுவார்கள். வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். வேண்டியதெல்லாம் மூன்று: கைக்கு எட்டும் ஆழம், விரல் புதையும் மென்மையான சேறு, உடம்பு தாங்கும் நீர். அம்மூன்றும் எப்படிப் போயின என்பதே எண்ணூரின் அரை நூற்றாண்டு வரலாறு.

3. இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

கழிமுகத்தின் சீரழிவுக்கு மூன்று வகை விளக்கங்கள் உள்ளன. முதலாவது அரசுத் துறைகளுடையது. சாக்கடை நீரும் மணலித் தொழிற்பகுதியின் கழிவும் கலப்பதே சிக்கல். சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினால் தீரும் என்பது அதன் சாரம். இதில் உண்மை இருக்கிறது. கழிவுநீர் நிலையங்கள் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

இரண்டாவது விளக்கம் நிலத்தைப் பற்றியது. சுற்றுச்சூழல் இயக்கத்தினர் ஆவணங்களோடு நிறுவியது. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைபடம் எண்ணூர்க் கழிவெளியைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டியிருந்தது. பின்னர் அதிகாரிகள் காட்டிய வேறொரு வரைபடத்தில் அந்தக் கழிவெளியின் பெரும்பகுதியைக் காணோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே இந்த முரண் வெளிப்பட்டது. காகிதத்தில் நீர்நிலை மறைந்தால் தரையில் அதை நிரப்புவது எளிதாகிவிடுகிறது. துறைமுகம், நிலக்கரிக் கிடங்கு, மின்நிலையம், சாலை என்று ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட ஈரநிலம் அப்படிப் போனதாக இயக்கத்தினர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது மீனவர்களின் விளக்கம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற ஊர்களின் மனுக்களில் திரும்பத் திரும்ப வருவது ஆழம்தான். ஆறு தூர்ந்துவிட்டது, படகு தரை தட்டுகிறது, சேறு இறுகிவிட்டது, தண்ணீர் சுடுகிறது, ஏற்றம் முன்போல் உள்ளே வருவதில்லை. ஆய்வாளர்கள் இவற்றைப் பெரும்பாலும் வாழ்வாதாரக் குறைகளாகவே பதிவு செய்கிறார்கள். இவை சூழலியல் விளக்கங்களாகவே படிக்கப்பட வேண்டியவை என்பது என் கருத்து. முதல் விளக்கம் நீரில் கலந்ததைப் பார்க்கிறது. இரண்டாவது நீருக்கு வெளியே எழுந்ததைப் பார்க்கிறது. மீன் எங்கே தங்கும், எப்படி வரும், எதில் வளரும் என்பதிலிருந்து தொடங்குவது மூன்றாவது மட்டுமே. மீன் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு அதுவே பொருத்தமான தொடக்கம்.

4. சாம்பல், வெப்பம், ஆழம்

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1994இல் வந்தது. 2001இல் துறைமுகம் திறக்கப்பட்டது. 2012 முதல் வல்லூர் நிலையம் மின்சாரம் தருகிறது. இந்திய நிலக்கரியில் சாம்பலின் பங்கு பொதுவாக மூன்றில் ஒரு பாகத்துக்குக் குறையாது. ஒரு டன் கரியை எரித்தால் முந்நூறு கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். அதை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாய்களில் செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆற்றையும் ஓடைகளையும் கடந்து போகின்றன. குழாய் அரித்து ஓட்டை விழும்போதெல்லாம் குழம்பு நீரில் இறங்குகிறது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இந்த மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, சாம்பலை அகற்றவும் கழிவெளியை மீட்கவும் உத்தரவிட்டது.

இந்தச் சாம்பல் மீனுக்கு என்ன செய்கிறது என்பதைக் கவனித்தால் பிஓடி அளவின் எல்லை புலப்படும். பறக்கும் சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும். அது அழுகாது. அழுகாத பொருளைச் சிதைக்க ஆக்சிஜன் தேவையில்லை. எனவே ஆற்றில் ஆயிரம் டன் சாம்பல் படிந்தாலும் பிஓடி அளவில் அதன் சுவடு தெரியாமல் போகலாம். ஆனால் அது அடியில் படிந்து, சேற்றின் துளைகளை அடைத்து, சிமெண்ட் பூச்சுப் போல இறுகுகிறது. இறாலுக்குப் பகலில் புதைந்து கிடக்க மென்சேறு வேண்டும். மட்டிக்கும் புழுவுக்கும் அதே சேறுதான் வீடு. அவை போனால் அவற்றைத் தின்னும் மீன் தங்காது. நீரில் மிதக்கும் நுண்துகள் செவுளை உறுத்துகிறது. சாம்பலோடு சிறு அளவில் வரும் ஆர்சனிக், ஈயம், பாதரசம், குரோமியம் போன்றவை அடிச்சேற்றில் தங்கி, மட்டி நண்டுகளின் வழியாக உணவுச் சங்கிலியில் ஏறக்கூடியவை. இவற்றுள் ஒன்றையும் ஆக்சிஜன் தேவை என்ற ஒற்றை எண் சொல்லாது.

வெப்பமும் அப்படியே. மின்நிலையம் கடல்நீரை உறிஞ்சி, சுழலியிலிருந்து வரும் நீராவியைக் குளிர்வித்து, சூடேறிய நீரை வெளியே விடுகிறது. கடலோர நிலையங்கள் வெளியேற்றும் நீர், அது சேரும் நீரைவிட 7 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது என்பது விதி. ஆழ்கடலில் 7 பாகை விரைவில் கரைந்துவிடும். ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லாத கழிமுகத்தில், சித்திரை வெயிலில் ஏற்கெனவே முப்பது பாகையைத் தாண்டிய நீரில், அது உயிர்வாழ்வின் விளிம்பு. நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. அதே நேரத்தில் மீனின் மூச்சுத் தேவை கூடுகிறது. விதிக்கு உட்பட்டே ஓர் ஆற்றின் கழிமுகத்தை மீன் அண்டாத இடமாக்கிவிட முடியும் என்பதை விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆழக்குறைவு இவ்விரண்டின் கேட்டையும் பெருக்குகிறது. தூர்ந்த கழிமுகத்துக்குள் ஏற்ற நீர் குறைவாக நுழைகிறது. நுழைவது குறைந்தால் வெளியேறும் வேகமும் குறைகிறது. முகத்துவாரத்தில் மணல் அடைக்கிறது. அடைத்த முகத்துவாரத்தின் வழியே குஞ்சு இறால் உள்ளே வர வழியில்லை. நச்சு ஒரு துளிகூட இல்லாவிட்டாலும் இந்த ஆற்றில் மீன் குறைந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

எண்ணெய்க் கசிவுகள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அவை மட்டுமே பரவலாக அறியப்பட்டவை. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளிகளில் அள்ளியதைப் பலரும் படங்களில் பார்த்திருப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவி, படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடா எதையும் விடாமல் அப்பியது. அந்த மாதமே, 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. இத்தகைய விபத்துகளுக்கு நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, குழு அமைக்கப்படுகிறது. அன்றாடம் படியும் சாம்பலுக்கு அப்படியொரு நாள் இல்லை. அதனாலேயே அது கூடுதல் கேடு.

5. காக்கா ஆழி

அண்மை ஆண்டுகளில் இந்தக் கதையில் புதிதாகச் சேர்ந்திருப்பது, மீனவர்கள் காக்கா ஆழி என்று பெயரிட்டிருக்கும் கருநிறச் சிப்பியினம். இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்து துறைமுகத்தில் இறக்கும் நீரோடும், கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியும் இது பரவுவதாக அறிவியலாளர் கருதுகின்றனர். கேரளத்தின் காயல்களிலும் இது பரவியிருக்கிறது. ஆற்றடியில் பாய் விரித்தாற்போல் அடர்ந்து படிந்து, அடியிலுள்ள மஞ்சள் மட்டியை மூச்சுமுட்டச் செய்கிறது. இறால் புதையும் சேற்றை மூடிவிடுகிறது. அதன் ஓட்டின் விளிம்பு கூர்மையானது. சேற்றைத் தடவும் கை கிழிபடும்.

மாசுக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது வேறு சிக்கல் என்று பிரித்துப் பேசும் போக்கு இருக்கிறது. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. உப்பின் ஏற்றத்தாழ்வையும் வெப்பத்தையும் தாங்கும் உயிர், உள்ளூர் உயிர்கள் நலிந்த இடத்தில் வேரூன்றுவது சூழலியலில் நன்கு அறியப்பட்ட போக்கு. இங்கும் பிஓடி அளவு பேசாது. சொல்லப்போனால், சிப்பிகள் நீரை வடிகட்டி உண்பவை. அவை பெருகிய நீர் தெளிந்துகூடத் தோன்றலாம். தெளிந்த நீர், மீனில்லாத ஆறு: இரண்டும் ஒருசேர இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

6. எழக்கூடிய மறுப்புகள்

மீன் குறைந்ததற்கு மீனவர்களே காரணம், அளவுக்கு மீறிப் பிடித்தார்கள் என்பது முதல் மறுப்பு. இதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. சிறுகண் வலைகள் பயன்பாட்டில் உள்ளன. 1990களில் இறால் பண்ணைகளுக்காகக் குஞ்சு இறாலை வாரியெடுத்த வழக்கம் கிழக்குக் கரையெங்கும் இருந்தது. ஆனால் மிகைப்பிடிப்பு தான் குறிவைக்கும் இனத்தைத்தான் முதலில் குறைக்கும். விலைபோகாத புழு, மட்டி, சிறு நண்டு ஆகியவையும் சேர்ந்து மறையும்போது, காரணத்தை வலைக்கு வெளியே தேட வேண்டும். கையால் தடவி ஒரு பறி இறால் பிடிப்பவரால் ஆறு தூராது.

மின்சாரம் வேண்டாமா என்பது இரண்டாவது மறுப்பு. வேண்டும். ஆனால் ஓட்டைக் குழாயை மாற்றுவதற்கும் மின்சாரத்துக்கும் பகையில்லை. சாம்பலைச் செங்கல், சிமெண்ட், சாலை வேலைகளுக்குப் பயன்படுத்தச் சொல்லும் ஒன்றிய அரசின் அறிவிக்கை 1999 முதல் உள்ளது. 2021 டிசம்பரில் வந்த அறிவிக்கை முழுச் சாம்பலையும் பயன்படுத்தக் கட்டாயப்படுத்துகிறது. நிலையங்களிடம் கேட்கப்படுவது புதிய தியாகம் எதுவுமன்று, ஏற்கெனவே எழுதப்பட்ட கடமையே. நகரம் முழுவதும் எரியும் விளக்குக்கு ஒரு கழிமுகத்தின் மக்கள் மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்ற நீதிக் கேள்வி அதற்கும் மேலே நிற்கிறது.

மூன்றாவது மறுப்பு முறையியல் சார்ந்தது, வலுவானதும் அதுவே. மீன் எண்ணிக்கை மழை, புயல், முகத்துவாரம் திறப்பது, அடைப்பது என்று எதனாலும் ஆண்டுக்காண்டு மாறும். அப்படி ஆடும் அளவை வைத்து யாரைப் பொறுப்பாக்குவது? ஓராண்டுக் கணக்கை வைத்து யாரையும் பொறுப்பாக்க முடியாதுதான். அதனால்தான் தொடர் கணக்கு வேண்டும். பல இனங்களை, பல பருவங்களில், பல ஆண்டுகள் எண்ணி, அருகிலுள்ள பழவேற்காட்டின் வடபகுதியோடு ஒப்பிட்டால் இயற்கையின் ஆட்டமும் மனிதர் செய்த சரிவும் பிரிந்து தெரியும். பிஓடியும் மழைக்கு மழை மாறுகிற அளவுதான்; அதை நாம் கைவிடவில்லை.

7. தேம்ஸ் தரும் சான்று, நம் சட்டம் தரும் இடம்

லண்டனின் தேம்ஸ் ஆற்றின் நகர்ப்பகுதியில் மீனே இல்லை என்று 1957இல் அந்நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பதிவு செய்தது. கழிவுநீர் நிலையங்கள் மேம்படுத்தப்பட்ட பின் மீன்கள் திரும்பின. அந்தத் திரும்புதலை உலகம் அறிந்தது எப்படி? ஆற்றோர மின்நிலையங்கள் நீரை உறிஞ்சும் இடத்தில் உள்ள சல்லடைகளில் சிக்கிய மீன்களை இனம் பிரித்து எண்ணினார்கள். 1833க்குப் பின் தேம்ஸில் பதிவான முதல் சால்மன், 1974இல் வெஸ்ட் தரக் மின்நிலையத்தின் சல்லடையில்தான் கிடைத்தது. ஆனால் அதே ஆறு இன்னொன்றையும் காட்டுகிறது. நீர் தெளிந்த பிறகும், முப்பது ஆண்டுகள் குஞ்சுகள் விட்டும், தானாகப் பெருகும் சால்மன் கூட்டம் அங்கே நிலைக்கவில்லை. முட்டையிடும் மேலாறுகளுக்குப் போகும் வழியில் தடுப்புகள் இருந்தது அதற்கான காரணங்களில் ஒன்று. வேதி அளவு சீரானதும் வேலை முடிந்தது என்று இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திராது.

இந்த அணுகுமுறைக்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் மாசு என்பதை வரையறுக்கும்போதே, நீரின் வேதித் தன்மையோடு இயற்பியல், உயிரியல் தன்மைகளில் ஏற்படும் கேடான மாற்றங்களையும் சேர்த்துக்கொள்கிறது; நீர்வாழ் உயிர்களின் வாழ்வுக்குத் தீங்காவதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆற்றைத் தூர்ப்பதும், சூடாக்குவதும், அந்நிய உயிரை இறக்குவதும் இந்த வரையறைக்குள் வரக்கூடியவை. மீன்வளத்துக்கான நீருக்கு மத்திய வாரியமே தனி வகைப்பாடு வைத்திருக்கிறது. அதில் கேட்கப்படுவது கார அமிலத் தன்மை, கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா போன்ற சில அளவுகள் மட்டுமே. மீனுக்கான நீரில் மீன் இருக்கிறதா என்பது கேட்கப்படவில்லை.

கேட்க வேண்டியவற்றை இனித் தள்ளிப்போடக் கூடாது. எண்ணூரில் இயங்கும் ஒவ்வொரு மின்நிலையத்தின் இசைவாணையும் புதுப்பிக்கப்படும்போது, அதன் நீர் உறிஞ்சும் சல்லடைகளில் சிக்கும் உயிர்களின் மாதக் கணக்கை வெளியிடும் நிபந்தனை சேர்க்கப்பட வேண்டும். கழிமுகத்தின் ஆழம் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், அளக்கப்பட வேண்டும். மீன், நண்டு, மட்டி ஆகியவற்றின் தசையில் உலோகங்கள் சோதிக்கப்பட வேண்டும். உண்ண முடியாத மீன் திரும்பி வந்து பயனில்லை. இந்தக் கணக்கெடுப்பில் குப்பங்களின் மீனவர்களும் இருளர்களும் ஊதியம் பெறும் கணக்காளர்களாக இடம்பெற வேண்டும், ஏனெனில் எந்தச் சேற்றில் எந்த மாதம் எது கிடைத்தது என்ற பழைய கணக்கு இன்று அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பாயம் உத்தரவிட்ட மீட்புப் பணியின் வெற்றியை அகற்றிய சாம்பலின் டன் கணக்கால் அளக்காமல், திரும்பி வந்த இறாலால் அளக்குமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மீன்வளத் துறையும் சேர்ந்து அறிவிக்க வேண்டும்.